செங்கமலத்தின் மடியிலிருந்த கூடை

மேகத்துக்குள் ஒரு துணிக்கடை இருந்தது. கையில் போன் இருந்தால் போதும், எந்த ஊர்க்காரரும் அங்கே வரலாம். ஆரம்பத்தில் அந்தக் கடைக்குச் செங்கமலம் என்று ஒரே ஒரு சர்வர் கணினிதான். வருகிறவர்கள் நேரே அவளிடம் வருவார்கள். யாருக்கு என்ன அளவு, யார் எதைப் பார்த்துவிட்டு மனமில்லாமல் திருப்பி வைத்தார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அது ஒரு காலம்.

ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூட்டம் தாங்காமல் அவள் மயங்கி விழுந்தாள். அதற்குப் பிறகுதான் கடைக்கு முன்னால் வாசல்காரரை நிறுத்தினார்கள். உள்ளே இன்னும் சில சர்வர்களும் வந்தார்கள். யார் கை ஓய்ந்திருக்கிறதோ அவளிடம் ஆளை அனுப்புவார் வாசல்காரர். அனுப்பும்போதே ஒரு சீட்டும் கொடுப்பார். பாதியில் எழுந்து போனவர்கள் திரும்பி வந்தால், சீட்டைப் பார்த்து முதலில் பேசியவளிடமே விடுவார்.

வருகிறவர்கள் துணி எடுத்து வைத்த கூடைகளைப் பொது அலமாரியில் வைக்கவேண்டும் என்று ஓர் ஏற்பாடும் உண்டு. மற்றவர்கள் வைத்தார்கள். செங்கமலம் மட்டும் மடியிலேயே வைத்துக்கொள்வாள். சீட்டோடு தன்னைத் தேடி வருகிறார்களே, அந்தச் சந்தோஷத்தை விட்டுவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பண்டிகை முடிந்து கூட்டம் வடிந்தது. இத்தனை பேர் வேண்டாம், பழையவளை அணைத்துவிடுங்கள் என்று உத்தரவு வந்தது. வாசல்காரர் புதிதாக யாரையும் அவளிடம் அனுப்பவில்லை. இருக்கிறவர்களை முடித்து அனுப்பக் கொஞ்சம் அவகாசம் கொடுத்தார். ஒவ்வொருவராக முடித்துக்கொண்டு போனார்கள். ஒரு கூடை மட்டும் மிஞ்சியது.

அது நாசரேத்து ஞானசுந்தரியுடையது. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு வெள்ளை கவுன், குல்லா, காலுறை. புரை விழுந்த கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, மத்தியானம் முழுக்கத் தேடி எடுத்தவை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கப் போனவள் இன்னும் வரவில்லை. கூடை தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து தேட அவளால் ஆகாது.

அவள் வரும்வரை பொறுக்கச் சொல்லிச் செங்கமலம் வாசல்காரரிடம் கெஞ்சினாள். அது தன் கையில் இல்லை என்று அவர் தலை குனிந்தார். பக்கத்திலிருந்த இளையவள் பூவிழிதான் வாய் திறந்தாள்.

"அக்கா, மடியிலயே வெச்சிருந்தா உங்களோட அதுவும் போயிரும். அலமாரியில வைங்க. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு அந்தம்மாவத் தெரியாதேடி."

"தெரியாதுதான். கூடையப் பாத்தா தெரிஞ்சுக்குவேன்."

செங்கமலம் குல்லாவை ஒருதரம் தடவிப் பார்த்தாள். ஆண்டவரே என்று சொல்லி, கூடையை அலமாரியில் வைத்தாள்.

அப்போதுதான் ஞானசுந்தரி வந்தாள். அவகாசம் முடிந்திருந்ததால் வாசல்காரர் அவளைப் பூவிழியிடம் விட்டார். பூவிழி கூடையை எடுத்து முன்னால் வைத்தாள்.

"இங்க பாருங்க, நான் விட்ட எடத்துலயே அப்படியே இருக்கு" என்று ஞானசுந்தரி வீட்டுக்காரரிடம் சொல்வது செங்கமலத்தின் காதில் விழுந்தது.

தன்னைத் தேடவில்லையே என்று ஒரு நொடி வலித்தது. தேட வேண்டிய நிலை அந்தம்மாவுக்கு வரவில்லையே என்று நினைத்தபோது, கண்ணை மூடுவது அவளுக்குக் கஷ்டமாக இல்லை.