புட்டியைக் காத்த சிட்டு

"கல்யாண வீட்டு வாசல்ல நின்னு வரவேற்கிறவன்..." என்று உலகநாதனின் பெரியப்பா ஆரம்பிப்பார். அதற்குமேல் உலகநாதனுக்கு நினைவில்லை.

டிரினிடாட் மலைச்சரிவில் திலகவதி அம்மா நடத்திய தியான வீட்டுக்கு உலகநாதன் சீடராக வந்தார். குருவைவிட வயதில் மூத்தவர். கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். கொஞ்ச காலம் பாடம் கேட்டார். பிறகு, யாரும் சொல்லாமலே, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வருகிறவர்களை விசாரித்துப் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்.

"நேத்து ஒரு பொண்ணு அழுதுட்டே இறங்கிப் போனாளாமே?" என்றார் குரு.

"கேள்வியே கேட்கத் தெரியலை, அம்மா. அனுப்பிட்டேன். இந்த வாசல் கேட்டுக்கு ஒரு பூட்டு வாங்கணும். அதுக்குச் சம்மதம் இல்லைன்னா நான் ஊருக்குக் கிளம்பறேன்."

"இன்னைக்கு அந்தப் புட்டியைப் பாருங்க. சாயங்காலம் பேசலாம்."

மாமரக் கிளையில், பறவைகள் குடிப்பதற்காகக் கட்டிய சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கியது. பக்கத்துக் குச்சியில், ஹம்மிங்பேர்ட் என்கிற ரீங்காரச் சிட்டு ஒன்று. கட்டைவிரல் பருமன், முதுகின் கீழே செம்பு நிறம். வேறு சிட்டு எது வந்தாலும் பாய்ந்து விரட்டியது. திரும்பி வந்து அதே குச்சியில் அமர்ந்தது.

உலகநாதனுக்கு அதைப் பிடித்துப்போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் குரு வந்தார். "எப்படி?"

"கெட்டிக்காரப் பய. ஒருத்தனையும் அண்டவிடலை. கப்பல்ல வேலை போட்டுக் கொடுப்பேன்."

"ராத்திரி இதுக்கு உடம்பு சில்லிட்டுப் போகும். செத்த மாதிரி கிடக்கும். இருட்டறதுக்குள்ள வயிறு நிறைஞ்சிருந்தாத்தான் காலையில எழுந்திருக்கும்."

"தெரியும்மா."

"எவ்வளவு குடிச்சுது?"

உலகநாதன் யோசித்தார். "அப்பப்ப வாயை வைக்கும். அதுக்குள்ள இன்னொண்ணு வந்துடும்."

"விரட்டினதெல்லாம் எங்கே போச்சு?"

"அதைப் பார்க்கலை."

குரு அவரை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். சமையலறைக் கதவருகே வரிசையாகப் புட்டிகள். சிட்டுகள் மொய்த்துக்கொண்டிருந்தன. சற்றுத் தள்ளிப் படியில் உட்கார்ந்து, நேற்று அழுதுகொண்டே போன பெண் டீ குடித்துக்கொண்டிருந்தாள். உலகநாதனைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள்.

"இவ எப்படி..."

"நீங்க திருப்பி அனுப்பறவங்க எல்லாரும் இந்த வழியா வந்துடுவாங்க. காலையில பாடத்துக்கும் இருந்தாங்க," என்றார் குரு. "நீங்கதான் ரொம்ப நாளா வரலை."

பெரியப்பா சொன்னதின் மீதி அப்போதுதான் உலகநாதனுக்கு நினைவுக்கு வந்தது: "...பந்தியில உட்காராமலே போவான்."

மறுநாள் காலை அவர் வாசல் நாற்காலியைத் தூக்கிவந்து, பாடம் நடக்கும் அறையில் கடைசி வரிசையில் போட்டு உட்கார்ந்தார்.