புல்லுக்குள் கேட்ட இருமல்

ஓடைக்கரைக் காட்டில் தும்பை என்று ஒரு தாய் முயல் இருந்தாள். அவளுக்கு இரண்டு குட்டிகள். முதலில் பிறந்தவன் எள்ளு, கொழுகொழு என்று இருப்பான். அடுத்தவள் கொள்ளு, பிறந்ததிலிருந்தே நோஞ்சான்.

முயல்களுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். ஆபத்து என்றால் குட்டியைப் புல்லுக்குள் படுக்க வைத்துவிடும். குட்டி அசையாது. மூச்சு விடுகிற சத்தம்கூட வராது. நரி ஒரு சாண் தள்ளி நடந்து போனாலும் கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காட்டில் ஊசி போடுகிறவள் முள்ளி அக்கா. முள்ளி ஒரு முள்ளம்பன்றி. மழைக்காலம் வருவதற்குள் மூன்று தடவை புதர் புதராகப் போவாள். குட்டிகளுக்கு மார்ச்சளி முற்றாமல் தடுக்கிற மருந்து அவளிடம் இருந்தது. தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளை உருவி, மருந்தில் தோய்த்து, தொடையில் ஒரு குத்து. ஒரு குட்டிக்கு ஒரு முள்தான். குத்தியதைக் குழிக்குள் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுவாள்.

முதல் தடவை வந்தபோது எள்ளுவுக்குப் போட்டாள். கொள்ளு தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசில்லாமல், இவளுக்கு அடுத்த தடவை போடலாம் என்று தும்பை சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் எள்ளுவுக்கு உடம்பு சுட்டது. தொடை வீங்கி, ஒரே அழுகை. மறுநாள் அவன் துள்ளிக் குதித்தான். தும்பைக்குத்தான் பயம் போகவில்லை.

அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது ஓடைக்கு அந்தப் பக்கம் நரி உட்கார்ந்திருந்தது. நடுவில் தண்ணீர் ஓடுகிற தைரியத்தில் தும்பையும் ஓடாமல் நின்றாள். நரி ரொம்ப அக்கறையாக விசாரித்தது. எள்ளுவுக்குக் காய்ச்சலாமே என்றது. நல்ல கொழுத்த பிள்ளையே சுருண்டுவிட்டானே என்று வருத்தப்பட்டது. கடைசியில் மெதுவாகச் சொன்னது.

"சின்னவ நோஞ்சானாச்சே தங்கச்சி. அவ தாங்குவாளா? முள்ளி வந்தா பேசாம புல்லுக்குள்ள படுக்க வெச்சிரு."

தும்பைக்கும் அதுதான் சரி என்று பட்டது. அடுத்த தடவை முள்ளி வந்தபோது எள்ளுவை மட்டும் காட்டினாள். கொள்ளு எங்கே என்றதற்கு, அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். மூன்றாவது தடவையும் அதே பதில். முள்ளி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அந்த அத்தைக்கு வேற வேலையே இல்லையா? தும்பை, நோஞ்சான் பிள்ளைக்குத்தான் இந்த ஊசி முதல்ல வேணும்."

தும்பை தலையைக் குனிந்துகொண்டாள். நாலு முழம் தள்ளிப் புல்லுக்குள் கொள்ளு அசையாமல் படுத்திருந்தாள்.

மழை பிடித்தது. குட்டிகளுக்கெல்லாம் சளி. எள்ளு இரண்டு நாள் தும்மினான், மூன்றாம் நாள் விளையாடப் போய்விட்டான். கொள்ளுவுக்கு மட்டும் சளி மாரில் இறங்கிவிட்டது. பால் குடிக்கவில்லை. மூச்சு வேகவேகமாக வாங்கியது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

அப்போதுதான் நரி ஓடையைத் தாண்டி வந்தது. தும்பை சட்டென்று கொள்ளுவைப் புல்லுக்குள் படுக்க வைத்தாள். நரி தேடவே இல்லை. காதைத் தூக்கிக்கொண்டு சும்மா நின்றது.

கொள்ளு இருமினாள்.

நரி சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பியது. தும்பை வெளியே பாய்ந்து, அதன் மூக்குக்கு முன்னாலேயே ஓடிக் காட்டினாள். நரி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"உன்னைத் துரத்தி நான் ஏன் ஓடணும் தங்கச்சி? இருமுற குட்டி இங்கயே இருக்கே. இதுக்காகத்தானே அன்னைக்கு அவ்வளவு பேசினேன்!"

தும்பைக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. நரிக்கு முன்னால் புகுந்து, கொள்ளுவின் பிடரியைக் கவ்விக்கொண்டு முள்ளி குடியிருந்த பாறையைப் பார்த்து ஓடினாள். பாரம் இழுத்தது. நரியின் மூச்சு வாலில் பட்டது. பாறை இடுக்கில் அவள் விழவும், முள்ளி வெளியே வந்து முதுகைத் திருப்பி முள்ளை விரிக்கவும் சரியாக இருந்தது. வந்த வேகத்தில் நரி மூக்கோடு போய் மோதியது.

"வாப்பா," என்றாள் முள்ளி. "கேக்காமலே உனக்கும் போட்டாச்சு. மருந்து மட்டும் இல்ல."

நரி ஊளையிட்டுக்கொண்டே ஓடியது.

முள்ளி கொள்ளுவின் மாரில் காதை வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றாள். ஐந்து நாள் மருந்து புகட்டினாள். அந்த ஐந்து நாளும் தும்பை ஒரு புல்லைக் கடிக்கவில்லை. ஆறாம் நாள் கொள்ளு தானாகவே வந்து பாலுக்கு முட்டினாள். அதற்கப்புறம்தான் தும்பைக்கு வாய் திறந்தது. அத்தை வீடே கிடையாது என்று அழுதாள்.

"எனக்குத் தெரியும். ரெண்டு தடவையும் உன் கண்ணு அந்தப் புல்லுப் பக்கமே போச்சு," என்றாள் முள்ளி. "நரி வெளியில இருந்து வரும், அதுகிட்ட ஒளிச்சு வைக்கலாம். இந்த நோய்க் கிருமி நல்லா இருக்குறவங்க மூக்குலயே குடியிருக்கும். எள்ளு தும்மினாலும் தாவும், நீ முத்தம் கொடுத்தாலும் தாவும். எங்கேன்னு ஒளிப்ப?"

கொள்ளு நன்றாகத் தேறியதும் தும்பையே அவளைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு வந்தாள். விட்டுப்போன ஊசிகளைத் தவணை தவறாமல் போட்டார்கள். கொள்ளுவுக்கும் ஒரு நாள் உடம்பு சுட்டது. தும்பை பக்கத்திலேயே படுத்து நக்கிக் கொடுத்தாள். மறுநாள் சரியாகிவிட்டது.

அடுத்த மழையில் காடெங்கும் மறுபடி சளி. நரியும் வந்தது. மூக்கில் இன்னும் தழும்பு இருந்தது. புல் ஓரமாக நின்று காதைத் தூக்கியது. வெகுநேரம் நின்றது. மழைத்துளி சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் காலடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொள்ளு அசையாமல், மூச்சுச் சத்தம்கூட வராமல் படுத்திருந்தாள்.

நரி வெறும் வயிற்றோடு திரும்பிப் போனது.

பிள்ளையை ஊசிக்குப் பயந்து ஒளித்து வைக்காமல், காலத்தில் ஊசி போட்டு நோயிடமிருந்து காப்பாற்றுவதே தாயின் புத்திசாலித்தனம்.