படி உள்ளேயா, வெளியேயா

வைத்திலிங்கம் குடிலுக்கு வந்தபோது அவர் கையில் சுருட்டிய வரைபடம் ஒன்று இருந்தது. அது ஏழாவது வரைபடம்.

அருள்மொழி அம்மையார் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆயினும் அவரையே வைத்திலிங்கம் குருவாகக் கொண்டிருந்தார். வணங்கியவர் உட்காரவில்லை. கூடத்தில் இங்கும் அங்கும் நடந்தபடியே பேசினார்.

மகன் குமரகுருவுக்காக வீட்டின்மேல் ஒரு மாடி எழுப்பப்போகிறார். அதற்கென்று மொட்டைமாடியில் விட்டுவைத்த தூண்கம்பிகள் பதினெட்டு ஆண்டுகளாகத் துருவேறி நிற்கின்றன. இரண்டு அறை, ஒரு சமையலறை, மேலே காங்கிரீட் கூரை, எல்லாம் முடிவாயிற்று. படிக்கட்டு மட்டும் முடிவாகவில்லை. மருமகள் அதை வெளிப்புறத்தில் கேட்கிறாள். இவரோ வீட்டுக் கூடத்துக் கூரையை உடைத்தாவது உள்ளே வைக்க வேண்டும் என்கிறார். உள்ளே என்றால் வாடகை வீட்டுக்குப் போய்விடுவதாக மகன் சொல்லிவிட்டான். திங்கட்கிழமை கொத்தனார் வருகிறார்.

“வெளியே வைத்தால் அவர்கள் பாட்டுக்கு ஏறுவார்கள், இறங்குவார்கள். கீழே நான் ஒருவன் இருப்பதே மறந்துபோகும், அம்மா. உள்ளேயா, வெளியேயா? நீங்களே சொல்லுங்கள்.”

“இன்று இங்கே இருங்கள்,” என்றார் அம்மையார்.

அவருக்குப் பின்னறை தரப்பட்டது. அதன் பின்கதவு பூட்டியிருந்தது. வெளியே செல்ல, அம்மையார் அமர்ந்திருந்த கூடம் ஒன்றே வழி.

கால் கழுவப் புறப்பட்டார். எங்கே என்று அம்மையார் அன்போடு கேட்டார். தேநீர் குடிக்கப் போனபோதும் கேட்டார். திரும்பியதும், ஏன் இவ்வளவு நேரம் என்றார். கொத்தனாரோடு தொலைபேசியில் பேச வாசலுக்குப் போய்வந்தார். யாரிடம் பேசினீர்கள் என்றார். மழை வரும்போல் இருக்கிறதே, குடை எடுக்கவில்லையா என்றார். நண்பகலுக்குள் இப்படி ஒன்பது முறை அவரைக் கடந்து போயாயிற்று.

அதன்பின் வைத்திலிங்கம் வெளியே வரவில்லை. தாகம் எடுத்தும் அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார்.

அம்மையார் தண்ணீர்ச் செம்போடு வந்தார்.

“என்ன ஐயா, கூடத்துப் பக்கமே காணோம்?”

“ஒவ்வொரு முறையும் உங்களைத் தாண்டியல்லவா போக வேண்டியிருக்கிறது.” சொல்லிவிட்டு அவர் நாணினார்.

அம்மையார் இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துப் பின்கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்.

பிற்பகல் முழுவதும் வைத்திலிங்கம் விரும்பியபோதெல்லாம் வெளியே போனார், வந்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் கூடத்தில் அம்மையார் இருமும் ஓசை கேட்கிறதா என்று இரண்டு முறை நின்று கவனித்தார்.

மாலையில் ஊருக்குத் திரும்பும் பேருந்து பின்வாசலுக்கு எதிரே வந்து நின்றது. வரைபடத்தோடு வெளியேறிய வைத்திலிங்கம் சாலையில் கால் வைத்ததும் திரும்பினார். குடிலைச் சுற்றிக்கொண்டு விரைந்து முன்வாசல் வழியே கூடத்துக்கு வந்தார்.

“பேருந்து அந்தப் பக்கம் அல்லவா நிற்கிறது?” என்றார் அம்மையார்.

“உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் எப்படிப் போவேன்?”

பேருந்தின் ஒலிப்பான் ஒலித்தது. அவர் நகரவில்லை. “அம்மா, படியைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?”

“காலையில் என்னை ஒன்பது முறை கடந்து போனீர்கள், ஐயா. என்னைப் பார்க்க வந்தது இந்த ஒருமுறைதான்.”