முதல் மூட்டை

சாத்தூருக்கு மேற்கே, ஒரு சின்னப் பாறைக் கரட்டின் அடியில் சாமியின் மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுச் சாய்ப்பு ஒன்று, சமையல்கட்டு ஒன்று, அறுபது பேர் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட ஒரு தகரக் கொட்டகை, அவ்வளவுதான். மத்தியானம் யார் வந்தாலும் சோறு உண்டு.

சாமிக்கு இன்னும் நாற்பது வயது ஆகவில்லை. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் அவரைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. வயது அறுபத்திரண்டு. மிளகாய்ப்பொடி மில் முதலாளி. ஆறு வருஷமாகச் சாமியின் சீடர். புது மெஷின் வாங்குவதானாலும் மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பதானாலும் சாமியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்யமாட்டார். கேட்டபிறகு தனக்குப் பிடித்ததைத்தான் செய்வார் என்பது வேறு விஷயம்.

அன்று அவர் ஒரு காகிதத்தோடு வந்தார். முகம் சரியில்லை. கும்பிட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தவர், சாமி கேட்பதற்கு முன்னாலேயே பொருமித் தீர்த்தார்.

வெளிநாட்டில் எண்ணூறு கடைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட் கம்பெனி. அதன் அலமாரியில் தன் பொடியை ஏற்ற அண்ணாச்சி நாலு வருஷம் நாயாய் அலைந்தார். அவர்கள் சொன்னபடி மில்லின் தரையைப் பெயர்த்து வழவழவென்று பூசினார். பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் நாற்பது பெண்களையும் வளையலைக் கழற்றச் சொன்னார், தலையில் பூ வைக்கக் கூடாது என்றார், நகத்தை ஒட்ட வெட்டச் சொன்னார். ஆடிட் பார்க்க வந்த வெள்ளைக்காரிக்கு மாலை போட்டார். அவள் அந்த மாலையை மில்லுக்குள் கொண்டு போகக்கூடாது என்று வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டார்.

கடைசியில் ஆர்டர் கிடைத்தது. பதினாலு டன் பொடி கண்டெய்னரில் ஏறி, கப்பலில் போய், அந்த ஊர்த் துறைமுகத்தில் இறங்கியது. அவர்கள் ஒரு பாக்கெட்டைப் பிரித்து லேபில் கொடுத்தார்கள். பூச்சிமருந்தின் மிச்சம் அவர்கள் வைத்திருக்கும் அளவைப்போல ஆறு மடங்கு இருந்தது. கடைக்குள் ஒரு பாக்கெட்கூடப் போகவில்லை. அப்படியே திருப்பி ஏற்றிவிட்டார்கள். போக, கிடக்க, திரும்பிவர ஐந்து மாதம் ஆகிவிட்டது. இனி அந்தக் கம்பெனியில் அவர் பெயரைச் சொன்னால் வாசல்கூடத் திறக்காது.

காகிதம் அந்த லேப் கொடுத்ததுதான்.

அண்ணாச்சி சரக்கை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருக்கவில்லை. பாக்கெட்டுகளைக் கிழித்துக் கொட்டி, உள்ளூர்க் கவரில் அடைக்கச் சொல்லிவிட்டார். கவரில் ‘எக்ஸ்போர்ட் குவாலிட்டி’ என்று அச்சடித்திருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லை. எக்ஸ்போர்ட் ஆகிவிட்டு வந்த பொடிதானே. எட்டு மாவட்டத்துக் கடைகளுக்கு அனுப்ப வேண்டும், லாரி பேசியாகிவிட்டது. சாமி தலையாட்டினால் ஏற்றிவிடலாம்.

“ஒரே பொடி சாமி. அங்க விஷம்ங்கிறான். இங்க நாம பொறந்ததுலருந்து இதுலதான் குழம்பு வச்சுச் சாப்பிடுறோம். இதுல எது நெசம்?”

சாமி காகிதத்தை வாங்கி, அவசரமில்லாமல் கடைசி வரி வரைக்கும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

“உள்ளூருக்கு நிறுக்க ஆரம்பிச்சாச்சா?”

“முந்தாநாள்லருந்து நிறுக்கிறோம். பாதிக்கு மேல முடிஞ்சிருச்சு.”

“முதல் மூட்டை இங்க வரலையே, அண்ணாச்சி.”

அண்ணாச்சியின் அப்பா காலத்திலிருந்து அந்த மில்லில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளூர்க் கடைகளுக்கென்று எந்தச் சரக்கைப் புதிதாக நிறுத்தாலும், தராசில் ஏறுகிற முதல் மூட்டை தர்மத்துக்கு. அதை எடுத்து வைத்த பிறகுதான் இரண்டாவது மூட்டை ஏறும். ஆறு வருஷமாக அந்த முதல் மூட்டை இந்த மடத்துக்கு வருகிறது. மடத்தில் மிளகாய் வற்றல் வாங்கி யாரும் கண்டதில்லை.

அண்ணாச்சி மறந்துபோய்விட்டது என்றார். அப்பாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் நடந்த அன்றுகூட முதல் மூட்டையை மறக்காத மனுஷர் அவர். சாமி அதையெல்லாம் கிளறவில்லை. “நாளைக்கு வரட்டும். அதுலயே குழம்பு வைக்கலாம். நீங்களும் வந்து பரிமாறுங்க” என்றார்.

மறுநாள் மூட்டை வந்தது. வழக்கமாக லோடு ஆட்டோவில் வரும். அன்று அண்ணாச்சியே தன் காரின் டிக்கியில் வைத்துக் கொண்டுவந்தார்.

சமையல்கட்டு அழகம்மையின் பொறுப்பு. தீப்பெட்டி ஆபீஸில் இருபது வருஷம் குச்சி அடுக்கிவிட்டு மடத்துக்கு வந்தவள். அவள் மூட்டையின் தையலைப் பிரித்துக் கையை உள்ளே விட்டாள். விட்டவள் அப்படியே வைத்துக்கொண்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

“நல்ல பொடி அண்ணாச்சி. மூட்டைக்குள்ள இன்னும் வெதுவெதுன்னு இருக்கு.”

புதிதாக அரைத்த மிளகாய்ப்பொடி மூட்டைக்குள் அரை நாளாவது சூடு ஆறாமல் இருக்கும். மில்லுக்கு வற்றல் கொண்டுபோய் அரைத்து வந்த எந்தப் பொம்பளைக்கும் தெரியும் அது. ஐந்து மாதம் கடலில் கிடந்த பொடி எங்கேயிருந்து வெதுவெதுக்கும்? அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சாமி சமையல்கட்டு வாசலில்தான் நின்றிருந்தார். காதில் விழாத மாதிரி இருந்தார்.

கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. வாசனையே இரண்டு கவளம் சோற்றை இழுக்கும். அண்ணாச்சி வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நடந்தார். கை கொஞ்சமும் தயங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற கிழவிக்கு இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றி, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். கண் தெரியாத பரமனின் இலையைத் தன் கையால் நேராக்கிவிட்டார். தன் மில்லிலிருந்து நின்றுபோன ஒருத்தி வந்திருந்தாள். அவள் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டார். அத்தனை பேருக்கும் ஊற்றி முடித்துவிட்டுத் தானும் ஓர் இலையில் உட்கார்ந்து, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அந்த ஒரு மணி நேரமும் அவரைப்போல நல்ல மனுஷர் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

எல்லோரும் எழுந்து போனபிறகு அவர் சாமியிடம் வந்தார். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அறுபது பேரும் சாப்பிட்டாச்சு. நானும் சாப்பிட்டேன். இனி உத்தரவு குடுங்க சாமி. லாரி நிக்குது.”

“குழம்பு நல்லா இருந்தது. பொடி எங்க வாங்கினீங்க?”

அண்ணாச்சி பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்திருக்கும். என்னவோ, சொல்லவில்லை. அந்த மட்டுக்கு அவரை மெச்சத்தான் வேண்டும்.

“சாம்பிளுக்கு வாங்குற எடத்துலதான்.”

சாமிக்குப் புரியவில்லை. அண்ணாச்சியே விளக்கினார். வெளிநாட்டுக் கம்பெனிக்கு முதலில் சாம்பிள் அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆர்டர் கொடுப்பார்கள். அதற்கென்று மருந்தே அடிக்காமல் வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி இருக்கிறார், அவரிடம் இரண்டு மூட்டை வற்றல் வாங்கித் தனியாக அரைப்பார்கள். ஆர்டர் வந்தபின் கண்டெய்னரில் ஏறுவது மார்க்கெட் வற்றல். மிளகாய்ப் பழம் பறிக்கிறதுக்கு முந்தின நாள்கூட மருந்து அடித்திருப்பார்கள். தொழிலில் எல்லோரும் செய்கிறதுதான், இப்படிச் செய்யாவிட்டால் ஒருத்தனும் பதினாலு டன் சேர்க்க முடியாது என்றார். சொல்லும்போது குரலில் கூச்சம் எதுவும் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

“அந்த லோடுலருந்தே ஒரு மூட்டை எடுத்திருக்கலாமே?”

“எடுத்தேன் சாமி. ஆட்டோவுலகூட ஏத்திட்டேன்.”

“அப்புறம்?”

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார்.

“எறக்கச் சொல்லிட்டேன். முன்னாடியெல்லாம் தெரியாம அனுப்பினேன். இப்ப காகிதத்தைப் படிச்சிட்டேன்ல. மனசு வரல. இங்க சாப்பிடுறவங்க எல்லாரையும் எனக்கு முகம் தெரியும் சாமி.”

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அது நடிப்பு இல்லை. பேச்சு அவசரமாக வந்தது. பதினாலு டன்னைக் குழியில் கொட்டினால் பேக்கிங் செக்‌ஷனை மூடித்தான் ஆக வேண்டும், அந்த நாற்பது பெண்களும் வீட்டுக்குப் போய் எதைத் தின்பார்கள் என்று கேட்டார். அவர்களுக்கும் தனக்கு முகம் தெரியும் என்றார். எட்டு மாவட்டத்தில் எவனோ வாங்குகிறான், எவனோ சாப்பிடுகிறான், ஒரு குழம்புக்கு ஒரு ஸ்பூன், அதில் யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது என்றார். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் சாமியின் முகத்தைப் பார்க்கவில்லை.

 சாமி மெதுவாகக் கேட்டார்.

“கப்பல்ல திருப்பி அனுப்பினானே, அந்த ஊர்க் கடைக்காரன். அவன் யார் முகத்தைத் தெரிஞ்சு அனுப்பினான், அண்ணாச்சி?”

 கொட்டகையில் ஒரு காக்கை இறங்கி, சிந்திக் கிடந்த பருக்கையைக் கொத்திக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.  அந்த இரண்டு நிமிஷத்தில் எது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய போன் அடித்தது. மில் மேனேஜர். லாரிக்காரன் அவசரப்படுத்துகிறான், வேறு லோடுக்குப் போகிறேன் என்கிறான், சாமி என்ன சொன்னார் என்று கேட்டார். ஸ்பீக்கரில் போடாமலேயே கேட்கிற குரல்.

அண்ணாச்சி சாமியைப் பார்த்தார். சாமி அவரைப் பார்த்தார். 

“சாமி வேண்டாம்னு சொல்லலப்பா” என்றார் அண்ணாச்சி போனில். கொஞ்சம் பொறுத்து, “ஏத்து” என்றார்.

போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, எப்போதும் செய்கிறதுபோலத் தரையைத் தொட்டுக் கும்பிட்டார். கையை நீட்டினார். சாமி பழக்கத்தில் திருநீறு எடுத்துக் கொடுத்தார். அதை நெற்றி நிறையப் பூசிக்கொண்டு அண்ணாச்சி காரில் ஏறிப் போனார்.

அழகம்மை சமையல்கட்டு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கரி பிடித்த அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த கையில் சாம்பல் ஒட்டியிருந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் குரல் இறங்கிவிடும்.

“சுத்தி வளைச்சு என்னென்னமோ கேட்டீங்க சாமி. வேண்டாம்னு ஒரு வார்த்தை நேரா சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம்” என்றார் சாமி.

அவள் அங்கிருந்து நகரவில்லை.

“அப்புறம் ஏன் சொல்லல?”

“ஆறு வருஷமா அவர் மூட்டையில சாப்பிட்ட வாய் இது, அழகம்மை.”