எரிந்த மரத்தின் குழி

எரிமலையின் அடிவாரத்தில் குடிசை போட்டிருந்த நீலாம்பிகைக்கு நாற்பது வயது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த வைரவனுக்கு அறுபத்திரண்டு. ஊரில் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று வைரவன் இருந்துவிட்டார். மனைவி தெய்வானை இறந்துபோன பிறகு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு அவருக்கு நிம்மதியாக இறங்கவில்லை.

குரு மந்திரம் எதுவும் சொல்லித் தரவில்லை. தினமும் கருங்கல் வெளியில் நடக்கச் சொன்னார், அவ்வளவுதான். என்றோ நெருப்புக் குழம்பாக ஓடிவந்து இறுகிப்போன வெளி அது. புல் கிடையாது, குருவி கிடையாது. தன் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லாமல் வைரவன் எட்டு மாதம் நடந்தார். தனிமை குறைந்த பாடில்லை.

ஒருநாள் வழியில் ஒரு குழியில் கால் மாட்டி முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். மறுநாள் காலை கூடை நிறையச் சரளைக்கல்லைச் சுமந்துகொண்டு அங்கே போனார். குருவும் கூடவே நடந்தார்.

வட்டமான குழி. யாரோ அளந்து தோண்டியதுபோல நேராக இறங்கியது. வைரவன் கூடையை அதன் ஓரத்தில் இறக்கிவைத்தார்.

"இதை நிரப்பிடுவேம்மா. எனக்குள்ள ஒரு குழி கிடக்கே, அதை எதைப் போட்டு நிரப்புறது?"

"முதல்ல இதுக்குள்ள கையை விட்டுப் பாருங்க ஐயா."

வைரவன் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டார்.

"என்ன தட்டுப்படுது?"

"சொரசொரன்னு இருக்கு. வரிவரியா... அம்மா, மரப்பட்டை மாதிரியில்ல இருக்கு!"

"இங்க ஒரு மரம் நின்னுச்சு. நெருப்புக் குழம்பு வந்து அதைச் சுத்தி இறுகிடுச்சு. மரம் உள்ளேயே எரிஞ்சு இந்தக் குழி ஆயிடுச்சு."

வைரவன் அந்த வரிகளைத் தடவிக்கொண்டே கிடந்தார். அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"தெய்வானையோட குரல் எனக்கு மறந்துபோச்சும்மா. கொல்லையில இருந்து கூப்பிடுவா. எவ்வளவு யோசிச்சாலும் அந்தக் குரல் வரமாட்டேங்குது."

"அந்த மரத்துல காத்தடிச்சா இலை எப்படிச் சலசலக்கும்னு இந்தக் கல்லுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பூ என்ன நிறம்?"

"அது எப்படித் தெரியும்? அப்ப எதைத்தான் வச்சிருக்கு இது?"

"மரம் நின்ன இடத்தை."

வைரவன் கன்னத்தைக் கல்லில் வைத்து அழுதார். குரு தேற்றவில்லை. கூடையைத் தூக்கிக் குழியின் வாயருகே சாய்த்துப் பிடித்தார்.

"கையை எடுங்க ஐயா. கொட்டிடுறேன்."

வைரவன் கையை எடுக்கவில்லை.