ஜமீன்தார் கண்டுபிடித்த குட்டி நிலா

மேலத்துறை ஜமீன்தார் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி இழுத்துவிட்டு, அந்தியில் எழுந்த முழுநிலவைத் தொலைநோக்கியில் பார்த்தார். உடனே கூவினார்: "நிலாவைச் சுற்றி ஒரு குட்டி நிலா! கறுப்பாகத் தெரிகிறது. என் பெயர் வைத்துப் பத்திரிகைக்கு எழுதுங்கள்!"

ஆமாஞ்சாமிகள் எல்லாரும் பார்த்துக் கைதட்டினார்கள். தொலைநோக்கி துடைக்கும் பூவாயி மட்டும், "மத்தியானம் துடைச்சப்போ அது இல்லீங்களே" என்றாள்.

"அது நிலா இல்லையென்று இப்போதே காட்டு. இல்லாவிட்டால் உனக்கு இங்கே வேலை இல்லை!"

பூவாயி குழாயை அரண்மனையின் வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினாள். ஜமீன்தார் பார்த்தார். சுவரிலும் அதே குட்டி நிலா!

"பாவம், எசமானை விட்டுப் பிரிய மாட்டேங்குது" என்றபடி பூவாயி, அவர் கண் வைத்த கண்ணாடியை முந்தானையால் துடைத்து, துடைத்த முனையை அவர் முகத்தருகே நீட்டினாள். ஜமீன்தாருக்கு அடுக்கடுக்காக ஏழு தும்மல்.

பூவாயி பணிவாகக் கேட்டாள்: "பத்திரிகைக்கு உங்க பேரை எழுதணுமா, பொடிக்கடைக்காரர் பேரையா சாமி?"