முதலுதவிப் பை யாருக்கு?

ஓடிப்போய்க் கட்டுப் போட்டவன், இழுத்து வந்து கட்டுப் போட்டவர், படுத்த இடத்திலிருந்தே திட்டியவர். இந்த மூவரில் யாரை நம்பி நீங்கள் சண்டைக்குப் போவீர்கள்?

ஹவில்தார் சவரிமுத்துவுக்கு அன்று இதே தலைவலி. விடிந்தால் பத்துப் பேரோடு எல்லைக் காவலுக்குப் புறப்பட வேண்டும். அங்கே டாக்டர் கிடையாது. கூட வருகிற டிரைவர் தவசி, தையல்காரர் கனி, சமையல்காரர் இருளாண்டி, இவர்களில் ஒருவர் தோளில்தான் முதலுதவிப் பை ஏறும். பத்து நாளாகக் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "குண்டு பாயுற இடத்துல நிக்காதே. அவனவன் சட்டைப் பையில இருக்கிற கட்டுப் பட்டை அவனவன் காயத்துக்கு." எல்லாரும் நன்றாகத் தலையாட்டுவார்கள். மறு நிமிடமே மறந்தும் போவார்கள்.

கடைசிப் பரீட்சைக்கு வெட்டவெளியில் சிப்பாய் மாசானம் சிவப்புச் சாயத்தோடு கிடந்தான். தொடையில் இரத்தம் பீறிடுகிறது, நினைவு இருக்கிறது, கைகளுக்கு ஒன்றுமில்லை என்று சவரிமுத்து மூன்று முறை வாசித்தார். எதிரியின் குண்டுகளுக்குப் பதிலாகச் சரவெடி வெடித்துக்கொண்டே இருந்தது.

முதலில் தவசி. பாய்ந்து ஓடி, மாசானத்தின் பையிலிருந்த பட்டையை எடுத்து, அங்கேயே மண்டியிட்டு ஒரே நிமிடத்தில் இறுக்கினான்.

அடுத்துக் கனி. மாசானத்தைத் தரதரவென்று மண்மேட்டுக்குப் பின்னால் இழுத்துவந்து, தன் பட்டையை எடுத்துக் கட்டினார். மாப்பிள்ளைச் சட்டை மாதிரி அத்தனை கச்சிதம்.

இருளாண்டி மண்மேட்டைத் தாண்டவே இல்லை. அதன் பின்னால் படுத்தபடியே கத்தினார்: "டேய் மாசானம், ரெண்டாந்தரம் சோறு வாங்க மட்டும் கை நீளுதுல்ல? அந்தக் கையால உன் பட்டையை எடுத்துக் காயத்துக்கு மேல இறுக்குடா. இறுக்கிட்டுத் தவழ்ந்து வா." மாசானம் முனகிக்கொண்டே கட்டிக்கொண்டு வந்துசேர்ந்தான். இருளாண்டி முடிச்சை இழுத்துப் பார்த்தார், கட்டிய நேரத்தைக் குறித்தார், அவ்வளவுதான்.

தொடாமலே வைத்தியமா என்று மற்ற இருவரும் சிரித்தார்கள். சவரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டார்.

இவர்களில் யார் செய்தது சரி?

விடை: தவசி கட்டி முடிப்பதற்குள் அவனும் சுடப்பட்டு, ஒருவர் கிடந்த இடத்தில் இருவர் கிடப்பார்கள். கனியும் வெட்டவெளிக்குப் போனார். அடுத்த குண்டு அவர்மேல் பாய்ந்தால் கட்ட அவர் பையில் பட்டை இல்லை. கைகளுக்கு ஒன்றுமில்லை என்பதைக் காதில் வாங்கியவர் இருளாண்டி மட்டும்தான். சவரிமுத்து பையை அவர் தோளில் மாட்டிவிட்டு, கட்டிய தொண்டையோடு சொன்னார்: "நாளைக்கு நான் விழுந்து கிடந்தா பதவியெல்லாம் பார்க்காதேப்பா. என்னையும் இதே மாதிரி திட்டு."